சூப்பர்வைசரோடு மோதல், கேட்டோடு தாட்டி விட்டார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஸ்பின்னிங் மில்லின் டைம் ஆபீஸில் பத்தொன்பது வருசம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஆளை நிறுத்தும் கடிதங்களை நானே டைப் அடித்திருக்கிறேன். ஒருநாள் எனக்கும் அப்படி ஒன்று வந்தது. அதற்குப் பிறகு தொழிற்சங்க ஆபீஸில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். பல்லடம், அவிநாசி, சோமனூர், பெருந்துறை என்று எங்கிருந்து வந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்: சூப்பர்வைசரோடு ஒத்துப்போகவில்லை, வாய் முற்றியது, மறுநாள் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

வருகிறவர்கள் அரை மணி நேரம் அந்த சூப்பர்வைசர் எப்பேர்ப்பட்ட ஆள் என்றுதான் சொல்வார்கள். நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் வழக்கு அதில் இல்லை. உங்களை எப்படி வெளியே அனுப்பினார்கள், என்ன காகிதம் கொடுத்தார்கள், நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல், 1947-ஆம் வருசத்துத் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்துக்கு 2020-இல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. கணக்கு மாறும் இடங்களில் இரண்டையும் சொல்கிறேன்.

"நாளைலிருந்து வராதேன்னு சூப்பர்வைசர் வாயிலதானுங்க சொன்னாரு. காயிதம் எதுவும் தரலை. இது வேலை நீக்கமாகுமா?"

ஆகும், அதை நீங்கள் நிரூபித்தால். நிரூபிக்காவிட்டால் கம்பெனி வேறு கதை சொல்லும்.

திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர் ஒரு அம்மா. சனிக்கிழமை சம்பளம் போடும்போது பீஸ் கணக்கில் குறைகிறது என்று கேட்டிருக்கிறார். லைன் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டு, "திங்கக்கிழமை நீ வர வேண்டாம்" என்றார். இவரும் ரோசத்தில் மூன்று வாரம் வீட்டிலேயே இருந்துவிட்டார். நாலாவது வாரம் என்னிடம் வந்தபோது கையில் கம்பெனிக் கடிதம்: "தாங்கள் முன்னறிவிப்பின்றி பணிக்கு வரவில்லை. தாங்களாகவே வேலையைக் கைவிட்டதாகக் கருதுகிறோம்."

நான் மில்லில் இருந்தபோது இதே வாசகத்தை எத்தனை பேருக்கு அடித்தேன் என்று கணக்கில்லை. நிறுத்தியதை நின்றதாக மாற்றும் வேலை இது. தொடர்ந்து வரவில்லை என்பதை மட்டும் வைத்து, விசாரணை எதுவும் இல்லாமல் பெயரை அடித்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் அந்த மூன்று வாரத்துக்கு உங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லாவிட்டால் வழக்கு நொண்டும்.

அதனால் மறுநாள் வழக்கமான நேரத்துக்கே கிளம்பிப் போங்கள், சாப்பாட்டுப் பையோடு. வாட்ச்மேன் விடவில்லையென்றால் அவரோடு சண்டை வேண்டாம், அவரும் சம்பளத்துக்கு நிற்பவர். கேட்டுக்கு வெளியே நின்று, கம்பெனி போர்டு தெரிய, நேரம் பதிவாகும்படி ஒரு போட்டோ எடுங்கள். அங்கேயே நின்று மேனேஜருக்கோ ஹெச்.ஆருக்கோ வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "காலை 8.20-க்கு வேலைக்கு வந்தேன். உள்ளே விட மறுக்கிறார்கள். நான் வேலை செய்யத் தயார்." அதே நாளில் கடிதமும் போக வேண்டும். நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்:

"நான் தங்கள் நிறுவனத்தில் இத்தனை வருடமாக இன்ன பிரிவில் வேலை செய்கிறேன். டோக்கன் எண் இது. இன்ன தேதியில் சூப்பர்வைசர் என்னை வாய்மொழியாக வேலைக்கு வர வேண்டாம் என்றார். இன்று இத்தனை மணிக்கு வந்தபோது கேட்டில் தடுத்து நிறுத்தப்பட்டேன். நான் வேலையை விடவில்லை. உடனே எனக்கு வேலை வழங்கவும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

சூப்பர்வைசரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இதில் வேண்டாம். தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட் என்று கேட்டு ஒப்புகையோடு அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-இல் அதோடு சேர்த்துவிட்டார்கள். கம்பெனி வாங்காமல் திருப்பி அனுப்பினால் கவரைப் பிரிக்காதீர்கள். பிரிக்காத கவர்தான் சாட்சி.

"ராஜினாமான்னு எழுதிக் குடுத்தாத்தான் சம்பளப் பாக்கின்னு சொல்றாங்க."

கொடுக்காதீர்கள். நீங்களாக விலகினால் நீக்கமே இல்லை, தகராறும் இல்லை. செய்த வேலைக்குச் சம்பளம் என்பது ராஜினாமாவுக்குக் கூலி அல்ல. நீக்கினாலும் நீங்களே விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என்னை நிறுத்திய அன்று மேனேஜர் ரூமில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். "பி.எஃப். பாரத்துக்குத்தானுங்க" என்று மூன்று காகிதம் நீட்டினார்கள். இரண்டு பி.எஃப். பாரம். மூன்றாவது வெறும் வெள்ளைத்தாள், கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் மட்டும் ஒட்டியிருந்தது. பத்தொன்பது வருசம் அந்த மாதிரித் தாள்களை எடுத்து வைத்தவனுக்கே அன்று கை நடுங்கியது, போட்டுவிட்டேன். அந்தத் தாளில் பிறகு என்ன ஏறியது என்று சொல்லத் தேவையில்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே கடிதம் அனுப்புங்கள்: இன்ன நேரத்தில், இன்னார் முன்னிலையில், இன்னது சொல்லி வற்புறுத்தி வாங்கினார்கள், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. ராஜினாமாவை ஏற்கும் முன்னால் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஆறு மாதம் கழித்து "மிரட்டி வாங்கினார்கள்" என்றால் நம்புவதற்கு ஆள் கிடைக்க மாட்டார்.

"இன்னும் நிறுத்தலைங்க. ஆனா அந்த ஆளு பார்க்கற பார்வையே சரியில்லை. இப்பவே என்ன பண்றது?"

அரைக்குயர் நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள், இவ்வளவு போதும். அன்றன்றைக்கே எழுத வேண்டும்; ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிய நோட்டைப் பார்த்தாலே தெரியும்.

இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குறை தீர்க்கும் குழு இருக்க வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. குழு காகிதத்தில் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, அதற்கு ஒரு புகார் எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கி வையுங்கள். நீங்கள் புகார் கொடுத்த தேதி முன்னால், அவர்கள் கொடுத்த சார்ஜ் ஷீட் (கம்பெனி தரும் குற்றச்சாட்டுக் கடிதம்) தேதி பின்னால். பழிவாங்கல் என்பதைக் காட்ட இந்த வரிசை உதவுவதுபோல் வேறெதுவும் உதவாது.

பி.எஃப். பாஸ்புக், சம்பள ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். கம்பெனி ரகசியங்களை அள்ளிக்கொண்டு போகாதீர்கள், அது வேறு கேஸாகிவிடும்.

"தப்பு என் பேர்லயும் இருக்குதுங்க. நானும் கெட்ட வார்த்தை பேசிட்டேன்."

இதை ஒப்புக்கொண்டு கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

வாய்த்தகராறுக்கு வேலையே போகலாமா என்பதில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. 1984-இல் ஒரு வழக்கில், அதற்கு முன் எந்தக் கரும்புள்ளியும் இல்லாத ஊழியர் திட்டினார் என்பதற்காக வேலையை விட்டே நீக்கியது அளவு மீறிய தண்டனை என்று சொல்லி, பழைய சம்பளத்தோடு திரும்ப எடுக்கச் சொன்னது. 2005-இல் இன்னொரு வழக்கில், மேலதிகாரியை ஆபாசமாகத் திட்டியவரை நீக்கியது சரியே என்றது. இரண்டுமே திட்டிய வழக்குதான். அதனால் என்ன வார்த்தை, எந்தச் சூழ்நிலை, உங்கள் பழைய ரெக்கார்டு எப்படி, அவர் முதலில் என்ன சொன்னார் என்பதெல்லாம் கணக்கில் வரும். 1971-இல் பழைய சட்டத்தில் 11ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள்: தப்பு உண்மையாகவே இருந்தாலும் தண்டனை அதிகம் என்று பட்டால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். அந்த அதிகாரம் புதிய தொகுப்பிலும், தொழிலாளர் நீதிமன்றத்தின் இடத்துக்கு வரும் தீர்ப்பாயத்துக்கு இருக்கிறது.

கை ஓங்கியிருந்தால் கதையே வேறு. ஒரு அறை விட்டிருந்தால்கூட, மேலே சொன்ன 1984 தீர்ப்பை நம்பிக்கொண்டு வர வேண்டாம்.

இதில் ஒரு பொறியும் உண்டு. சண்டை நடந்த மறுநாள் நல்ல மனுசன் மாதிரி ஒருவர் வந்து, "ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடு கண்ணு, நான் பேசி முடிச்சு வைக்கறேன்" என்பார். "இனிமேல் இப்படி நடந்துகொள்ள மாட்டேன்" என்று எழுதிவிட்டால், நடந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது. அந்தக் கடிதம்தான் அடுத்த மாதச் சார்ஜ் ஷீட்டுக்கு முதல் ஆவணம். நேரில் கை கூப்பி வருத்தம் சொல்லுங்கள், அது பெருந்தன்மை. எழுத்தில் வேண்டாம்.

"சார்ஜ் ஷீட் குடுத்து சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. உள்விசாரணைக்குப் போகணுமுங்களா? அங்க எல்லாம் அவிய ஆளுகதானே?"

போக வேண்டும். விசாரணை அதிகாரி பெரும்பாலும் கம்பெனி காசு கொடுத்து அமர்த்தும் வக்கீலாகத்தான் இருப்பார், சரி. அதற்காகப் போகாமல் விட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலே ஒருதரப்பாக நடந்தது என்று எழுதி ஒரே சிட்டிங்கில் முடித்துவிடுவார்கள். நீங்கள் அங்கே போவது ஜெயிக்க அல்ல, பின்னால் நீதிமன்றம் படிக்கப்போகும் காகிதத்தில் உங்கள் கேள்விகள் ஏறுவதற்கு.

முதலில் சார்ஜ் ஷீட்டுக்குக் கெடு தேதிக்குள் பதில் கொடுங்கள். தேதி, நேரம், இடம் இல்லாமல் "அடிக்கடி ஒழுங்கீனமாக நடந்துகொள்கிறீர்" என்று பொத்தாம்பொதுவாக இருந்தால், எந்தச் சம்பவம் என்று விவரம் கேளுங்கள். புகாரின் நகலைக் கேளுங்கள். கூட ஒரு தொழிலாளியை உதவிக்கு அழைத்துப் போக அனுமதி கேளுங்கள்.

குறுக்கு விசாரணை என்றதும் சினிமாக் கோர்ட்டை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறை கேஸில் அந்தப் பையன் மூன்றே கேள்விதான் கேட்டான். "நான் உங்களைத் தள்ளினேன்னு சொல்றீங்க, எந்த மிசின் பக்கத்துல?" "அப்ப கூட யார் இருந்தாங்க?" "அன்னிக்கே ஏன் புகார் குடுக்கலை, நாலு நாள் கழிச்சுக் குடுத்தீங்க?" மூன்றாவது கேள்விக்கு சூப்பர்வைசர் பதில் சொல்லவில்லை. "மௌனம்" என்று விசாரணை நடவடிக்கையில் பதிவானது. கம்பெனி நீக்கத்தான் செய்தது. ஆனால் சமரசப் பேச்சில் அந்த ஒரு வார்த்தையைக் காட்டித்தான் அவனைத் திரும்ப உள்ளே அனுப்பினோம்.

ஒவ்வொரு நாள் விசாரணைத் தாளையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இங்கிலீஷில் எழுதினால் தமிழில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் "எனக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டது" என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள்.

சஸ்பென்ஷன் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்கு மேல் விசாரணை இழுத்தால் முக்கால். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது.

"நான் கான்ட்ராக்ட்ல இருந்தேனுங்க. கம்பெனி ரெக்கார்டுல என் பேரே இல்லைங்கறாங்க."

எல்லாக் கம்பெனிக்கும் இது பழக்கமான பதில். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் தொடர்ச்சியான பணி என்று கணக்கு. அதில் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் ஞாயிறும் சேரும் என்று 1985-லேயே தீர்ப்பு உண்டு. அப்படிப்பட்டவரை ஆள் குறைப்பு என்று அனுப்ப வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், கூடவே முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். தமிழ்நாட்டில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆகிறார் என்று 1981-ஆம் வருடத்து மாநிலச் சட்டம் ஒன்றும் இருக்கிறது.

240 நாளை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. உச்ச நீதிமன்றம் 2002-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. நீங்கள் சத்தியம் செய்தால் போதாது. அதனால் தேடுங்கள்: ஈ.எஸ்.ஐ. கார்டு, ஜிபேயில் வந்த சம்பளம், கம்பெனி பஸ்ஸில் எடுத்த போட்டோ, கேன்டீன் டோக்கன், ஆயுத பூஜைக்கு லைனில் எல்லாரும் நின்று எடுத்த குரூப் போட்டோ, சூப்பர்வைசர் "நாளைக்கு ஒன்றரை ஷிப்ட்" என்று போட்ட வாட்ஸ்அப் மெசேஜ். எந்த சூப்பர்வைசர் உங்களை நிறுத்தினாரோ அவர் மெசேஜே உங்களுக்குச் சாட்சி. குரூப்பிலிருந்து தூக்கும் முன்னால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

"போன்ல ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன். செல்லுமுங்களா?"

நீங்கள் பேசிய பேச்சை நீங்களே பதிவு செய்திருந்தால் பயன்படுத்தலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் சேர்த்துத் தர வேண்டும். வக்கீல் தயார் செய்வார். பதிவான போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வெட்டி ஒட்டி ஸ்டேட்டஸில் போட்டால் உங்கள் மேலேயே கேஸ் திரும்பும்.

"மனு எங்கீங்க குடுக்கறது? கலெக்டர் ஆபீஸ்லயா?"

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் அது சுற்றிக்கொண்டு தொழிலாளர் துறைக்குத்தான் வரும். நேராக உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) ஆபீஸுக்கே போங்கள். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். முதல் வாய்தாவுக்குக் கம்பெனி வராது. இரண்டாவதுக்கு வக்கீல் வந்து தேதி வாங்குவார். இது வழக்கம், மனம் விடாதீர்கள்.

பழைய சட்டத்தில் மனுக் கொடுத்து 45 நாளில் ஒன்றும் முடியாவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். நீக்கிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போயாக வேண்டும். புதிய தொகுப்பில் சமரசத்துக்கு 2 வருடக் கெடு, சமரசம் முறிந்த அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயம். நம்மூர்க் கேஸ்கள் காலங்காலமாகக் கோவை, சேலம் தொழிலாளர் நீதிமன்றங்களில்தான் நடந்து வந்தன. இரண்டு வருசம் இருக்கிறதே என்று உட்காராதீர்கள். ஒரு மாதத்துக்குள் மனு விழ வேண்டும். இன்றைக்கு உங்களுக்காகப் பேசத் தயாராக இருக்கும் பக்கத்து மிசின்காரர் அடுத்த தீபாவளி போனசுக்குப் பிறகு எந்த ஊரில் இருப்பாரோ.

"நானே லைன் சூப்பர்வைசர்தானுங்க. என்னை மேனேஜர் நிறுத்திட்டாரு." / "நான் சரவணம்பட்டில ஐ.டி. கம்பெனில இருக்கேன்."

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதல்ல, தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே கேள்வி. மேற்பார்வை வேலை என்றால் பழைய சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளி அல்ல. புதியதில் அந்த வரம்பு 18,000. ஆள் எடுக்கவோ நீக்கவோ லீவு தரவோ அதிகாரம் இல்லாமல், பெயருக்கு மட்டும் சூப்பர்வைசர் என்றால் நீங்கள் தொழிலாளி என்று வாதாடலாம்.

கடை, ஆபீஸ், ஐ.டி. மாதிரி இடங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு: ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. இரண்டுக்கும் வெளியே நிற்கும் உண்மையான மேனேஜர்களுக்கு சிவில் கோர்ட்டில் நோட்டீஸ் காலச் சம்பளம், நஷ்டஈடு கேட்கும் வழிதான்.

"அந்தாளு தொந்தரவு வேற மாதிரிங்க. ஒத்துப் போகாததால என்னைய நிறுத்திட்டான்." (பெண் ஒருவர் கேட்டது)

அம்மிணி, இதைச் சாதாரண வேலைத் தகராறாக மட்டும் எழுதவே கூடாது. 2013-ஆம் வருடத்துச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பவர் டேபிள் மாதிரி சிறிய தையல் யூனிட் என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். வேலையை விட்டு நிறுத்திய பிறகும் புகார் கொடுக்கலாம். வேலை நீக்கத்துக்கான மனு தனியாக, இதற்கான புகார் தனியாக, இரண்டும் ஒரே வாரத்தில் போகட்டும். உடனடி உதவிக்கு 181.

இந்த மண்ணில் இது பழைய கதை. ஒரு பெண் தொழிலாளிக்கு நடந்த கொடுமையில் தொடங்கிய மில் தகராறு கொலை வழக்காக முடிந்து, சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு மில் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அன்றைக்கு அந்தப் பெண் புகார் எழுதிக் கொடுக்க ஒரு குழு கிடையாது.

"எல்லார் முன்னாடியும் சாதி பேரைச் சொல்லித் திட்டினாரு."

நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் இது 1989-ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் குற்றம். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வேண்டியது, லேபர் ஆபீஸில் அல்ல. சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "இழிவாகப் பேசினார்" என்று நாகரிகமாக எழுதினால் புகார் நீர்த்துவிடும்.

"சூப்பர்வைசர் எங்க பங்காளி ஊட்டுப் பையனுங்க. வேலை வாங்கிக் குடுத்ததும் எங்க மாமாதான். மனுப் போட்டா ஊருக்குள்ள பேச்சாயிடும்."

சட்டத்தில் இதற்குப் பிரிவு இல்லை. ஆனால் பாதிக் கேஸ் இங்கேதான் செத்துப் போகிறது. நோம்பிக்கு எல்லாரும் ஒரே கோயிலில்தான் நிற்க வேண்டும். மாமன் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்து யோசித்துக் கெடு தாண்டிவிடும். நான் சொல்வது ஒன்றுதான். மனு கம்பெனி மேல், பங்காளி மேல் அல்ல. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் நிர்வாகம் என்றுதான் இருக்கும். அதை மாமாவிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அடுத்தவர் வாயில் கேட்பதற்கு முன்னால். பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்றால் முடிக்கட்டும், மனு ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கட்டும். மனு இருந்தால்தான் பேச்சும் சீக்கிரம் முடிகிறது.

"காசு தர்றேங்கறாங்க. வாங்கிட்டு முடிச்சுக்கலாமுங்களா?"

முடிக்கலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அதே சூப்பர்வைசருக்குக் கீழே திரும்பிப் போய் வேலை செய்ய எல்லாராலும் முடியாது. ஆனால் சட்டப்படி எப்படியும் வர வேண்டிய பணத்தையே சமரசப் பணம் என்று நீட்டுவார்கள், அதைப் பிரித்துப் பாருங்கள்.

8 வருடம் வேலை, அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்று வையுங்கள். கிராஜுவிட்டி: 15,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 8-ஆல் பெருக்கினால் 69,231 ரூபாய். இது உங்கள் சேமிப்பு மாதிரி, கருணை அல்ல. "சண்டை போட்டவனுக்குக் கிராஜுவிட்டி இல்லை" என்று வாயில் சொல்லிப் பிடிக்க முடியாது; வன்முறை போன்ற குற்றத்துக்காக முறைப்படி நீக்கியிருந்தால்தான் அந்தப் பேச்சே. அதன் மேல் நோட்டீஸ் சம்பளம் 15,000, பாக்கி லீவு, போனஸ், வருடத்துக்கு 15 நாள் கணக்கு. இதெல்லாம் போக மேலே எவ்வளவு தருகிறார்கள் என்பதே பேரம். "மொத்தமா ஒரு லட்சம் வாங்கிக்கங்க" என்றால் கேட்கப் பெரிசாக இருக்கும். மேலே உள்ளதைக் கூட்டிப் பார்த்தால் அதில் அவர்கள் கையிலிருந்து வருவது ஒன்றுமில்லை என்று தெரியும்.

முடிப்பதாக இருந்தால் சமரச அதிகாரி முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். அனுபவச் சான்றிதழ் தருவார்கள், யாராவது விசாரித்தால் கெட்டதாகச் சொல்ல மாட்டார்கள் என்பதையும் அதில் எழுத வையுங்கள். திருப்பூர் மாதிரி ஊரில் ஒரு கம்பெனி ஹெச்.ஆர். இன்னொரு கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. அதனால் அந்த வரிக்கு நான் பத்தாயிரம் ரூபாய் மதிப்புப் போடுவேன்.

"கேஸ் நடக்கறப்ப வேற வேலைக்குப் போலாமா? எத்தனை நாளாகும்?"

போங்கள். சமரசத்தில் முடிந்தால் சில மாதம். நீதிமன்றம் என்றால் வருடக் கணக்கு, அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. நீக்கம் தப்பு என்று தீர்ப்பானால் பழைய சம்பளத்தோடு வேலை தருவதே வழக்கமான முறை என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேறு இடத்தில் சம்பாதிக்கவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும், சம்பாதித்தீர்கள் என்றால் கம்பெனி காட்ட வேண்டும். ஆகவே மறைக்காதீர்கள். புது வேலையில் பி.எஃப். விழுந்தால் உங்கள் பழைய பி.எஃப். அடையாள எண்ணான அதே யூ.ஏ.என்.-இல் தெரிந்துவிடும். சம்பாதித்த தொகை கழியும், அவ்வளவுதான். பொய் சொன்னால் கேஸே கெடும்.

"வக்கீலுக்கும் மனுவுக்கும் எவ்வளவு செலவாகும்?"

சமரச மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஸ்டாம்பும் வேண்டாம். வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் வாங்குவார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம், போன் 15100. வருமான வரம்பைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 1987-ஆம் வருடத்து அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்கள், பட்டியல் சாதியினரோடு தொழில்துறைத் தொழிலாளி என்றும் தனியாகவே எழுதியிருக்கிறது.

மனுவை மூன்று நகல் எடுத்துப் போங்கள். ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று கம்பெனிக்கு அனுப்ப, மூன்றாவதில் தேதியோடு சீல் வாங்கி உங்கள் பையில். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் போனால் சீல் போடும் ஆள் சாப்பிடப் போயிருப்பார், காலையிலேயே போய்விடுங்கள்.